விமானம் ஓட்டிய வீரப் பெண்மணி!

மண்டபத்தை அடுத்த உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது. 2009-ம் ஆண்டு அதற்கு "பருந்து" என்று பெயர் சூட்டினார்கள்.

இங்கே பறக்கும் விமானங்களைப் பெண்களும் ஓட்ட முடியுமா?

"முடியும்" என்று என்றைக்கோ செய்து காட்டிவிட்டார், சென்னையில் வாழ்ந்த ஒரு பெண்மணி. அவர் பெயர் உஷா சுந்தரம்.

பயிற்சி

உஷாவின் கணவர் சுந்தரம் ஒரு விமானி. கணவர் பறப்பதைப் பார்த்துக்கொண்டு உஷா சும்மா இருக்கவில்லை. தானும் கற்றுக்கொண்டார். பெங்களூரை அடுத்த ஜக்கூரில் அரசாங்க விமானப் பயிற்சிப் பள்ளியில் 1949-ம் ஆண்டு தேறினார். "சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானி" என்று பெயர் பெற்றார்.

27 மணி நேரம்!

1951-ம் ஆண்டு. சென்னை அரசாங்கத்துக்காக லண்டனில் இருந்து ஒரு விமானம் வரவேண்டும். அதன் பெயர் "டவ்". டவ் என்றால் புறா. அது சின்ன விமானம். வழியில் பல இடங்களில் இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டும். கொஞ்சம் கண் அயர்ந்தாலும் உயிருக்கே ஆபத்து.

கணவனும் மனைவியும் துணிந்து புறப்பட்டார்கள். கடலையும் பாலைவனத்தையும் தாண்டி, 27 மணி நேரத்தில் பம்பாய் வந்து இறங்கினார்கள்! அது பெரிய சாதனை.

வாயில்லா ஜீவன்கள்

வானில் பறந்த உஷா, தெருவில் தவித்த நாய்க்குட்டிகளையும் மறக்கவில்லை. 1959-ம் ஆண்டு சென்னையில் சுந்தரம் தம்பதி தொடங்கிய தொண்டுதான் "புளூ கிராஸ்". உஷா 2010-ம் ஆண்டு காலமானார்.

கடற்படையின் முதல் பெண் விமானி சிவாங்கி பொறுப்பு ஏற்றது 2019-ம் ஆண்டில்தான். உஷா தேறி 70 ஆண்டுகள் கழித்து!

உச்சிப்புளிப் பக்கம் அண்ணாந்து பார்க்கும் பெண் பிள்ளைகள், இனி அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியது இல்லை.