செம்புக் குண்டும் துப்பாக்கிக் குழலும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குக் கரையில், கலிபோர்னியா மாநிலத்து மலைகளின்மேல், காண்டோர் என்னும் பெரும்பறவை வாழ்கின்றது. பழந்தமிழர் பாறு என்று வழங்கிய பிணந்தின்னிக் கழுகின் தொழிலே இதற்கும் தொழில். சிறகை விரித்தால் ஏறக்குறைய 3 மீட்டர் அகலம். பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரே ஒரு முட்டை இடும். 1982ஆம் ஆண்டில் உலகில் எஞ்சியிருந்த காண்டோர்கள் 22 மட்டுமே. 1987இல் காட்டிலிருந்த கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் வைத்துப் பெருக்கினர்; 1992 முதல் மீண்டும் வெளியில் விட்டு வருகின்றனர். இன்று கூண்டிலும் காட்டிலுமாக 500க்கு மேற்பட்ட பறவைகள் உள்ளன. எனினும், விடுதலை பெற்ற பறவைகள் மாண்டுபோவதற்கு முதற்காரணமாக இருப்பது ஈய நஞ்சு.

அந்த நஞ்சு வேட்டைக்காரனின் துப்பாக்கியிலிருந்து வருகின்றது. மானைச் சுட்டவர் அதன் குடலையும் ஈரலையும் அவ்விடத்திலேயே எடுத்தெறிந்துவிட்டு இறைச்சியை மட்டும் கொண்டுபோவது அந்நாட்டு வழக்கம். ஈயக் குண்டு உடலுட் புகுந்ததும் சிதறுகின்றது. எக்ஸ்-ரே படத்தில் பார்த்தால், குண்டு சென்ற வழியைச் சுற்றிலும், கையளவு தூரத்துக்கு அப்பாலும்கூட, மணல் தூவினாற்போல வெண்புள்ளிகள் தெரிகின்றன. அந்தக் குடலைத் தின்னும் பறவையின் இரைப்பையிலுள்ள கடும் அமிலம் அப்பொடியைக் கரைத்து இரத்தத்தில் சேர்த்துவிடுகின்றது. நம் நாட்டுப் பாறுகள் வேறொரு நஞ்சால் அழிந்தன. மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோபினாக் என்னும் வலிநீக்கி மருந்து அது. 2006இல் கால்நடைகளுக்கு அது தடைசெய்யப்பட்டது. தில்லியிலும் வடமாநிலங்களிலும் நெடுங்காலமாக வசிக்கும் நேயர்கள், முன்பு ஊர்ப்புறத்தில் கூட்டங்கூட்டமாக வட்டமிட்ட பறவைகளை இன்று காணாததை உணர்ந்திருப்பார்கள்.

கலிபோர்னியா அரசு 2007இல் காண்டோர் வாழும் பகுதிகளுக்கு மட்டும் ஈயக் குண்டை விலக்கிச் சட்டம் செய்தது. 2013இல் இயற்றிய மற்றொரு சட்டத்தால், 2019 ஜூலை 1 முதல் மாநிலம் முழுவதிலும் வேட்டைக்கு ஈயம் ஆகாது என்றாயிற்று. ஐரோப்பாவில் டென்மார்க், சிதறு துப்பாக்கியின் ஈயச் சன்னங்களை 1996இலேயே விலக்கியிருந்தது. 2024 ஏப்ரல் 1 முதல் ரைபிள் குண்டுகளையும் விலக்கிற்று. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையே தடுத்துவிட்டமையால், நமக்கு இந்தக் கேள்வி எழுவதில்லை. ஆனால் ஒரு பொருளை நீக்கி மற்றொன்றை அதனிடத்தில் வைக்கும்போது, அதைத் தாங்கும் கருவியும் மாறவேண்டியிருக்கிறது என்பதற்கு இதைப் போல் தெளிவான சான்று வேறு கிடைப்பது அரிது. மாற்றம் சரிவரச் செய்யப்படாவிடில், அடிபட்ட மான் காட்டுக்குள் ஓடி நாட்கணக்கில் துடித்துச் சாகும். கழுகைக் காப்பாற்ற மானை வதைத்தோம் என்றால் அது ஒரு தீர்வாகாது.

முதலில் குண்டின் தன்மையைக் காண்போம். தோட்டா என்பது பித்தளைக் கூடு, எரியூட்டி, வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்தது. அவற்றுள் குண்டு மட்டுமே குழலைவிட்டு வெளியே பறக்கிறது. வேட்டைக் குண்டு இலக்கில் பட்டதும் நுனி விரிய வேண்டும். விரியாத குண்டு ஊசிபோல் ஊடுருவிப் போய்விடும். விலங்கு உடனே விழாது. கொல்கத்தாவில் வாழும் நேயர்களுக்கு டம்டம் என்ற பெயர் பழக்கமானது. அங்கிருந்த படைக்கலச் சாலையில் 1890களில் செய்யப்பட்ட விரியும் குண்டுகளுக்கு உலகமெங்கும் அவ்வூர்ப் பெயரே வழங்கலாயிற்று. 1899இல் ஹேக் நகரில் கூடிய மாநாடு அத்தகைய குண்டுகளைப் போரில் பயன்படுத்தலாகாது என்று பிரகடனம் செய்தது. வேட்டையிலோ நிலைமை நேர்மாறானது. மானுக்கு விரியும் குண்டையே பயன்படுத்த வேண்டும் என்று பிரிட்டன் போன்ற நாடுகளில் சட்டமே உண்டு. அங்கே அது கருணையின் பொருட்டு.

ஈயம் மெல்லிய உலோகம். மெல்ல வந்து மோதினாலும் நசுங்கி விரியும். செம்பு கடினமானது. ஆகவே செம்புக் குண்டின் நுனியில் ஒரு குழி தோண்டி வைக்கிறார்கள். விலங்கின் உடலிலுள்ள ஈரம் அந்தக் குழிக்குள் அழுத்தமாகப் புகுந்து, நுனியை மலரின் இதழ்களைப்போல் பிளந்து மடக்குகிறது. அமெரிக்காவில் பார்ன்ஸ் நிறுவனத்தார் 1989இல் விற்பனைக்குக் கொண்டுவந்த குண்டு நான்கு இதழாக விரிந்ததால், எக்ஸ் என்ற எழுத்தையே பெயராகப் பெற்றது. இதழ்கள் உதிர்வதில்லை; குண்டின் எடை ஏறக்குறைய முழுமையாக நிலைத்திருக்கும். ஆனால் அந்த மலர்ச்சிக்கு வேகம் தேவை. ஈயக் குண்டு நொடிக்கு 500 மீட்டரை ஒட்டிய வேகத்திலும் ஒருவாறு விரிந்துவிடும். செம்புக்கு 600 மீட்டராவது இருத்தல் நலம் என்பது அனுபவசாலிகளின் எச்சரிக்கை. இந்த எண் குண்டுக்குக் குண்டு வேறுபடும்; செய்தவர் அச்சிட்டுத் தரும் எண்ணையே மெய்யாகக் கொள்ள வேண்டும். நம் கணக்குக்கு 600ஐ வைத்துக்கொள்வோம்.

இனி எடை. ஒரு கன சென்டிமீட்டர் ஈயத்தின் எடை 11.3 கிராம், செம்போ 9 கிராமுக்குச் சற்றே குறைவு. ஆகவே ஒரே எடையும் ஒரே விட்டமும் உள்ள இரு குண்டுகளில் செம்புக் குண்டே நீளமானது. குண்டின் எடையை இன்னமும் கிரெயின் என்னும் பழைய ஆங்கில அளவாலேயே சொல்லுகிறார்கள். நம் பொற்கொல்லர் வழங்கிய குன்றிமணி ஒன்று ஏறக்குறைய 2 கிரெயின் என்று கொண்டால், 150 கிரெயின் குண்டு 75 குன்றிமணி எடையாகும், கிராமில் 9.7.

நீளம் கூடினால் என்ன என்று கேட்கலாம். ரைபிள் குழலின் உட்புறத்தில், ஏர்ச்சால் போன்ற வரிகள் திருகாணியின் புரிபோல் முறுக்கி ஓடுகின்றன. அவை குண்டைச் சுழலச் செய்கின்றன; சுழலும் பம்பரம் சாயாது நிற்பதைப்போல, சுழலும் குண்டு தலைகீழாகாமல் நேரே செல்கிறது. 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்னும் முறுக்குடைய குழலிலிருந்து நொடிக்கு 850 மீட்டர் வேகத்தில் வெளிப்படும் குண்டு, நொடிக்கு ஏறக்குறைய 2,800 முறை சுழல்கிறது. அதுவும் நீண்ட குண்டுக்குப் போதாமற் போகலாம். குண்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு விரைவான முறுக்கு வேண்டும் என்பதை, பிரிட்டனில் ஊலிச் நகரில் கணிதம் கற்பித்த கிரீன்ஹில் என்பார் 1879இல் சூத்திரமாக்கினார். இங்கே கவனிக்கத்தக்கது, முறுக்கைத் தீர்மானிப்பது குண்டின் எடை அன்று, நீளம் என்பதே. கடைக்காரர்கள் எடையைச் சொல்லியே முறுக்கைப் பரிந்துரைப்பதால் வாங்குவோர் குழம்புகின்றனர்.

இதற்கு நல்ல உதாரணம் ஸ்காட்லாந்து. அங்கே பெரிய மானைச் சுடும் குண்டு 100 கிரெயினுக்குக் குறையலாகாது என்று பழைய விதி இருந்தது. .243 விட்டமுள்ள ரைபிள்கள் பல, 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்கின. அவை 100 கிரெயின் ஈயக் குண்டை ஒழுங்காகச் செலுத்தும். அதே எடையிற் செம்பு என்றால் நீளம் மிகுந்து தடுமாறும். 80, 85 கிரெயின் செம்புக் குண்டுகளோ அவற்றில் நன்றாகப் பறந்தன. ஆனால் சட்டம் குறுக்கே நின்றது. 2023இல் குறைந்தபட்ச எடையை 80 கிரெயினாகத் தாழ்த்தினார்கள். உலோகம் மாறியதும் விதியின் எண்ணும் மாறவேண்டியதாயிற்று.

இப்பொழுது குழலின் நீளத்துக்கு வருவோம். மருந்து எரிந்து எழும் வாயு, குண்டு குழலுக்குள் இருக்கும்வரைதான் அதைத் தள்ளும். குழல் நீண்டால் தள்ளுகை நீடிக்கும், வேகம் கூடும். எல்லையின்றிக் கூடாது, வாயு விரியவிரிய அழுத்தம் தளர்ந்துவிடும். 1952இல் வெளிவந்து இன்றும் பெருவழக்கிலுள்ள .308 வின்செஸ்டர் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். 24 அங்குலக் குழலிலிருந்து 150 கிரெயின் செம்புக் குண்டு நொடிக்குச் சுமார் 850 மீட்டர் வேகத்தில் வெளிவரும். குழலில் ஓர் அங்குலம் குறைத்தால் வேகத்தில் 7 அல்லது 8 மீட்டர் குறையும். 18 அங்குலக் குழலில் 805 என்று கொள்ளலாம். கடல்மட்டக் காற்றில் கணக்கிட்டால், முதற் குழலின் குண்டு 600 மீட்டர் வேகத்துக்கு இறங்குவது ஏறக்குறைய 400 மீட்டர் தூரத்தில். குறுகிய குழலின் குண்டு இறங்குவது 330 மீட்டரை ஒட்டி. ஆறு அங்குலத்தை வெட்டியதற்கு விலை 70 மீட்டர். மரங்கள் அடர்ந்த காட்டில் 100 மீட்டருக்குள் சுடுபவருக்கு அது ஒரு நஷ்டமே அன்று. கலிபோர்னியாவின் திறந்த மலைச்சரிவில் பள்ளத்தாக்கைக் கடந்து சுடுபவருக்கு அது பெரிய நஷ்டம்.

அதே குறுகிய குழலில், பழைய பழக்கத்தை விடமாட்டாமல் 180 கிரெயின் செம்புக் குண்டை இட்டால் என்ன ஆகும்? புறப்படும்போதே வேகம் நொடிக்கு 750 மீட்டர். 270 மீட்டர் தூரத்திலேயே 600க்கு வந்துவிடும். கனத்த குண்டே வலிய குண்டு என்னும் எண்ணம் ஈயக் காலத்துக்கு உரியது. குண்டு சிதறி எடை இழந்ததால், முன்னரே கூடுதல் எடை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. செம்பு எடையை இழப்பதில்லை. ஆகவே 180 சுட்டவர் 150க்கும், 150 சுட்டவர் 130க்கும் இறங்கலாம். முறுக்கின் தொல்லையும் வேகத்தின் தொல்லையும் ஒருங்கே நீங்குகின்றன. நாம் அறிந்த யோசனைகளுள் இதுவே மிக மலிவானதும் மிகப் பயனுள்ளதும் ஆகும். புதுத் துப்பாக்கி வாங்கும் செலவே பலருக்கு மிஞ்சிவிடும்.

பின் ஏன் குழலைக் குறுக்குகிறார்கள்? வடஐரோப்பிய நாடுகளில் வேட்டைக்காரர்கள் குழலின் முனையில் ஒலியடக்கி பொருத்துவது சாதாரணம். செவியைக் காக்கும் அக்கருவி 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். 24 அங்குலக் குழலோடு அதுவும் சேர்ந்தால், புதருக்குள் நுழைவதும் வண்டியில் ஏறி இறங்குவதும் சிரமம். ஆகவே 18, 20 அங்குலக் குழல்களை நாடுகிறார்கள். .308 போன்ற அளவான தோட்டாவுக்கு 20 அங்குலம் நல்ல சமரசம் என்பது நம் அபிப்பிராயம். .300 வின்செஸ்டர் மாக்னம் போல மருந்து மிகுந்த தோட்டாவைக் குட்டைக் குழலில் இடுவது வீண். மருந்தின் வலிமையில் ஒரு பகுதி பெருஞ்சத்தமாகவும் தீச்சுடராகவும் குழலுக்கு வெளியே போய்விடும். அதற்கு 24 அல்லது 26 அங்குலமே தகும்.

செம்புக்கு மாறுகிறவர் இன்னும் சிலவற்றை எண்ண வேண்டும். குண்டு உடலைத் துளைத்து மறுபுறம் வெளியேறுவது மிகுதி. விலங்கின் பின்னால் மண்மேடு இருக்கிறதா, வேறொரு விலங்கு நிற்கிறதா என்று பார்த்தே சுட வேண்டும். சிதறல் இல்லாமையால், விலாவின் பின்பகுதியைவிடத் தோளை ஒட்டிக் குறிவைப்பது நல்லது. புதுக் குண்டை இடுவதற்குமுன், குழலின் உள்ளே பழைய குண்டுகள் விட்டுச்சென்ற படிவத்தை அதற்குரிய கரைப்பானால் உலோகம் பளிச்சிடும்வரை துடைத்தெடுக்க வேண்டும். பிறகு இரண்டு மூன்று நிறுவனங்களின் தோட்டாக்களில் சிறு பெட்டி ஒவ்வொன்று வாங்கி, 100 மீட்டர் இலக்கில் மூன்று மூன்றாகச் சுட்டுப் பார்ப்பர். ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற இரு துப்பாக்கிகளுள் ஒன்று ஒரு குண்டை விரும்பும். மற்றது அதை வெறுக்கும். காரணம் கேட்டால் துப்பாக்கித் தச்சரும் தோளைக் குலுக்குவார். நெருக்கமாக விழும் குண்டைத் தேர்ந்தபின், தொலைநோக்கிக் குறியை அதற்கேற்பத் திருத்திக்கொள்ள வேண்டும். பழைய ஈயக் குண்டுக்கு வைத்த குறி புதிய குண்டுக்குப் பொருந்தாது.