பல்லாரியில் இருந்து வந்த பொறி

1891. பல்லாரி வக்கீல் கிருஷ்ணமாசார்லு தம் குழுவோடு சென்னை வந்து தெலுங்கு நாடகங்கள் போட்டார். பார்க்கப் போனவர்களில் 18 வயது பம்மல் சம்பந்தமும் ஒருவர். அதுவரை தமிழ் நாடகம் என்றாலே அவருக்கு ஆகாது. படித்தவர்கள், அதிலும் ஒரு வக்கீல், கூச்சமின்றி வேடம் கட்டியதுதான் அவரை உலுக்கியது. அதே ஆண்டு நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அதன் நாடகங்கள் சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலில் அரங்கேறின.

பின்னாளில் அவரும் வக்கீலாகி, நீதிபதியும் ஆனார். நாடகத்தை மட்டும் விடவில்லை. ஷேக்ஸ்பியரிடம் தாராளமாகவே கடன் வாங்கினார்: ஹாம்லெட் ‘அமலாதித்யன்’ ஆனான், வெனிஸ் நகரம் வாணீபுரமானது. அவருடைய ‘மனோகரா’ 1954இல் கருணாநிதியின் வசனத்தில் திரைக்கு வந்தது. சிவாஜி கணேசன் பேசிய அந்த வசனம் பலருக்கு மனப்பாடம். மூல நாடகத்தைப் படித்தவர்கள்தான் குறைவு.