கலைந்தவையா, கலைக்கப்பட்டவையா?

புதுக்குடியிருப்பிலிருந்து முல்லைத்தீவுப் பட்டினத்தைத் தாண்டித் தெற்கே போனால் கொக்குத்தொடுவாய். 2023 யூன் 29 அன்று அங்கே குடிநீர்க் குழாய் பதிக்க நிலத்தை வெட்டியபோது மனித என்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற உத்தரவில், தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ தலைமையில் நடந்த அகழ்வு 2024 யூலையில் முடிந்தபோது கணக்கு 52.

52 என்ன? நமது செய்தித்தாள்கள் 'என்புத் தொகுதிகள்' என்றன. நல்ல சொல், எலும்புக்கூடு என்பதைப்போல அது முழுமையைக் கேட்பதில்லை. தலையோடு முதல் கால்விரல் வரை உடலில் இருந்த ஒழுங்கிலேயே கிடந்தால் ஒரு தொகுதி ஓர் ஆள். பலரின் என்புகள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தால் அப்படி எண்ண முடியாது. அப்போது ஒரே வகை என்பைத் தெரிந்தெடுப்பார்கள். ஏழு வலது தொடையென்புகள் இருந்தால் குறைந்தது ஏழு பேர். அந்தக் 'குறைந்தது' பதிவுத்தாளிலிருந்து விடுபடவே கூடாது.

ஒழுங்கு குலைந்த என்புகளுக்கு என்ன சொல் எழுதுவது? 'கலைந்தவை' என்றால் கண்ட நிலை. 'கலைக்கப்பட்டவை' என்றால் அங்கே ஒரு கை வந்துவிடுகிறது. மர வேரும் விலங்கும் என்பை இடம் மாற்றும்; குழாய்க்கு வெட்டும் இயந்திரமும் மாற்றும். பொம்பரிப்பின் தொல்கால ஈமத்தாழிகளில்போல, என்புகளைப் பிறகு சேகரித்து அடக்கம் செய்த வழக்கமும் இத்தீவில் இருந்தது. அதனால் குழிக்குள் நிற்பவர் முதலில் 'கலைந்தவை' என்றே எழுதவேண்டும். துணிக்கும் இதே விதிதான்: நிறம், தையல், பொத்தான் முதலில், 'சீருடை' பிறகு.

இதே இலக்கணத்தை வன்னித் தாய்மார் வேறொரு சொல்லில் அறிவார்கள். 'காணாமல் போனோர்' என்பதை மறுத்து, 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றே 2017 முதல் வீதியோரப் பந்தல்களில் எழுதிவைத்திருக்கிறார்கள். போர் முடிவில் பிள்ளையைப் படையினரிடம் கையளித்ததைக் கண்ணால் கண்டவர்களுக்கு அந்தச் சொல்லுக்கான சான்று கையில் இருக்கிறது. குழியில் நிற்பவர் தமது சான்றை இனித்தான் தேடவேண்டும். அவர் அவசரப்பட்டு எழுதும் ஒரு சொல், நாளை நீதிமன்றில் அந்தத் தாயின் வழக்கையே பலவீனமாக்கும்.

2024இல் நீதிமன்றுக்குச் சென்ற இடைக்கால அறிக்கை, கொக்குத்தொடுவாய் என்புகள் 1994க்கும் 1996க்கும் இடையில் புதைக்கப்பட்டவை என்றது. 2009இல் மகனைத் தொலைத்த புதுக்குடியிருப்புத் தாய்க்கு அந்த இரண்டு ஆண்டுகளும் சொல்வது, அவன் இந்தக் குழியில் இல்லை என்பதைத்தான்.