மேசையில் பிரிண்டர், சர்வர் தொலைவில்

ரிமோட் டெஸ்க்டாப்பில் வேலை செய்யும்போது பக்கம் உருவாவது தொலைவிலுள்ள சர்வரில். தாள் வரவேண்டியது நம் மேசையில். அந்தப் பக்கத்தைப் பிரிண்டருக்குப் புரியும் மொழியில் மாற்றுவது யார், சர்வரா, நம் கணினியா? அச்சு வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது இதைத் தீர்மானிப்பதுதான்.

'ரா' வடிவத்தில் சர்வரே மாற்றிவிடுகிறது. அதற்கு நம் பிரிண்டரின் டிரைவர் அங்கே இருந்தாக வேண்டும். பலர் பகிரும் சர்வரில் ஆளுக்கொரு டிரைவர் ஏற்றுவது ஆபத்து: மோசமான டிரைவர் ஒன்று, அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் ஸ்பூலரையே நிறுத்திவிட்டால் யாருக்கும் அச்சு வராது. அளவும் பெரிது. அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்றால் ஓர் ஏ4 பக்கத்தில் ஏறத்தாழ 3.5 கோடி புள்ளிகள். சுருக்காத வண்ணப் படமாக அது 100 மெகாபைட்டைத் தாண்டும்.

'இஎம்எஃப்' விண்டோஸின் வரைதல் கட்டளைகளை மட்டும் அனுப்புகிறது: இங்கே கோடு, இந்த எழுத்துருவில் இந்தச் சொல். மிச்சத்தை நம் கணினியின் டிரைவர் பார்த்துக்கொள்ளும். எழுத்து நிறைந்த பக்கங்களுக்கு இது மிகச் சிறியது. ஆனால் எழுத்துருவை உடன் அனுப்பாமல் பெயரை மட்டும் அனுப்பினால், தமிழ் ஆவணங்களில் சிக்கல் வரும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. நம் கணினியில் பாமினி இல்லையென்றால் தாளில் ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் வரும்.

விண்டோஸ் சர்வர் 2008-உடன் வந்த 'ஈஸி பிரிண்ட்' இதற்கு 'எக்ஸ்பிஎஸ்' வடிவத்தைப் பயன்படுத்துகிறது. தேவையான எழுத்துருக்கள் கோப்புக்குள்ளேயே பயணிக்கின்றன. சர்வரில் தனி டிரைவரும் வேண்டாம். அலுவலகக் கடிதம், அறிக்கை எல்லாவற்றுக்கும் இதில் தொடங்குவதே நல்லது என்பேன். உலாவி வழியாக இணைபவர்களுக்குப் பிடிஎஃப்.

அப்படியானால் 'ரா' வேண்டாமா? பார்கோடு லேபிள் பிரிண்டருக்கும் பில் போடும் டாட் மேட்ரிக்ஸுக்கும் அதுதான் சரி. அங்கே மென்பொருளே பிரிண்டரின் கட்டளைகளை நேரடியாக எழுதுகிறது. நடுவில் யாரும் அதைப் படமாக மாற்றினால் கோடுகள் மங்கி ஸ்கேனர் படிக்காமல் போகலாம். டாட் மேட்ரிக்ஸின் வேகமும் விழும். கடைசித் தாள் மட்டும் வெளிவராமல் பிரிண்டருக்குள்ளேயே நின்றால், விண்டோஸின் பிரிண்ட் பிராசஸர் பட்டியலில் 'ரா' என்பதற்கு அடுத்துள்ள 'எஃப்எஃப் அப்பெண்டட்' வகையைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு வேலையின் முடிவிலும் தாளைத் தள்ளும் கட்டளையை அது சேர்த்துவிடும்.