பயிற்சியாளருக்கும் ஒரு பள்ளிக்கூடம்

பொழுது புலருமுன்னே மகனை எழுப்பி, கையில் தண்ணீர்ப் புட்டியைக் கொடுத்து, விளையாட்டுத் திடலின் வாயில்வரை கொண்டுபோய் விட்டுத் திரும்பும் தந்தையரை நாம் அன்றாடம் காண்கிறோம். மகளின் ஓட்டப் பயிற்சி முடியும்வரை வேலியோரம் காத்து நிற்கும் தாய்மாரையும் காண்கிறோம். பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தரும் ஆசிரியர் என்ன படித்தவர் என்று நாம் தவறாமல் விசாரிக்கிறோம். அதே பிள்ளையின் உடலையும் மூச்சையும் மனத்தையும் இரண்டு மணி நேரம் தம் பொறுப்பில் வைத்திருக்கும் பயிற்சியாளர் என்ன படித்தவர் என்று கேட்பதுண்டா? "நன்றாக ஆடியவர்" என்ற ஒரே பதிலில் நம் மனம் நிறைவடைந்துவிடுகிறது.

நன்றாக ஆடத் தெரிவது ஒன்று; ஆடக் கற்பிக்கத் தெரிவது மற்றொன்று. இந்த வேறுபாட்டைப் பெரும் விலை கொடுத்து உணர்ந்த நாடுகளுள் அமெரிக்கா ஒன்று. இன்று அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவும், விளையாட்டுப் பயிற்சி, விளையாட்டு நிர்வாகம் ஆகிய இரு துறைகளிலும், பட்டம் பெற்றவர்களுக்கென மேற்சான்றிதழ்ப் படிப்புகளை இணையவழியாகவே நடத்தி வருகின்றன. இவை எவ்வாறு தோன்றின, எதைக் கற்பிக்கின்றன, பெற்றோராகிய நமக்கு இவற்றில் என்ன பாடம் இருக்கிறது என்பதைச் சற்று நோக்குவோம்.

தொடக்கம்

1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியரான ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார், பனிக்காலத்தில் வெளியே ஆட வழியின்றி அடைபட்டுக் கிடந்த மாணவர்களுக்காகக் கூடைகளை உயரத்தில் கட்டி ஒரு புதிய ஆட்டத்தை வகுத்தார். அதுவே கூடைப்பந்து. நாம் கவனிக்க வேண்டியது அந்த ஆட்டத்தை மட்டுமன்று. அது பிறந்த இடத்தையும்தான். உடற்பயிற்சி கற்பிப்போரை உருவாக்குவதற்கென்றே அமைந்த பள்ளி அது. கற்பிப்பவர் முதலில் கற்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே அன்றே வேரூன்றியிருந்தது.

நிர்வாகத்துறை பிற்பாடு வந்தது. ஒஹையோ பல்கலைக்கழகம் 1966-இல் விளையாட்டு நிர்வாகத்திற்கென முதுநிலைப் பட்டப்படிப்பைத் தொடங்கிற்று. இத்துறையில் முதலாவது அதுவே. 1972-இல் கல்வி நிலையங்களில் ஆண், பெண் என்ற பாகுபாட்டை விலக்கும் சட்டம் நிறைவேறியது. 'ஒன்பதாம் தலைப்பு' என்று அழைக்கப்படும் அச்சட்டத்தின் பயனாகப் பெண்பிள்ளைகள் திரள்திரளாகத் திடலுக்கு வந்தனர். 1971-72-இல் உயர்நிலைப் பள்ளிகளில் ஆடிய பெண்கள் சுமார் 2,94,000 பேர். பிற்காலத்தில் அத்தொகை 30 லட்சத்தையும் கடந்தது. இத்தனை பிள்ளைகளுக்கும் பயிற்சியாளர் வேண்டும், திடல் வேண்டும், பணமும் பாதுகாப்பும் வேண்டும். அவற்றைப் பகிர்ந்தளிக்கத் தேர்ந்த நிர்வாகிகளும் வேண்டும். தேவை பெருகியபோது படிப்பும் பெருகியது.

சான்றிதழ் என்பது யாது?

பட்டமேற் சான்றிதழ் என்பது முதுநிலைப் பட்டம் அன்று, அதனினும் சிறியது. நான்காண்டுப் பட்டம் முடித்தவர் இதில் சேரலாம். பெரும்பாலும் நான்கு முதல் ஆறு பாடங்கள். ஓராண்டு அளவில் முடித்துவிடலாம். பின்னர் அதே பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டம் பயில விரும்பினால், முடித்த பாடங்களை அதில் கணக்கிட்டுக் கொள்ளவும் பல இடங்களில் வழியுண்டு.

இணையவழியாக நடத்துவதன் காரணமும் எளிதில் விளங்கும். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிப் பயிற்சியாளர்களுள் பலர், பகலில் சரித்திரமோ விஞ்ஞானமோ கற்பித்துவிட்டு, மாலையில் சிறு ஊதியத்திற்குத் திடலில் நிற்கும் ஆசிரியர்களே. சனிக்கிழமையிலும் அவர்களுக்குப் போட்டி. அத்தகையவர் வேலையையும் குடும்பத்தையும் விட்டு வெளியூர் சென்று படிப்பது அரிது. பிள்ளைகள் உறங்கிய பிறகு, இரவில் கணிப்பொறியின் முன் அமர்ந்து பாடம் கேட்பதும், கட்டுரை எழுதி அனுப்புவதும் அவர்களுக்கு இயன்ற காரியம்.

பயிற்சி என்பது கற்பித்தலே

முதற் பாடம், பயிற்சியாளர் ஓர் ஆசிரியர் என்பது. இதற்கு அவர்கள் காட்டும் உதாரணம் ஜான் வூடன். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியைப் பன்னிரண்டு ஆண்டுகளில் பத்து முறை தேசிய வெற்றிக்கு நடத்திச் சென்றவர் அவர். முற்காலத்தில் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவர். அவருடைய கடைசிப் பருவமான 1974-75-இல், தார்ப், கல்லிமோர் என்ற இரு உளவியலாளர்கள் அவருடைய பயிற்சி நேரங்களில் ஓரமாக அமர்ந்து அவர் பேசிய ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டனர். எண்ணிப் பார்த்த செயல்கள் 2,326. அவற்றுள் ஏறத்தாழ முக்கால் பங்கு, 'இதை இப்படிச் செய்' என்று விளக்கும் சொற்களாகவே இருந்தன. வெறும் புகழ்ச்சி மிகக் குறைவு. வெறும் வசைமொழி அதனினும் அரிது. காலுறையைச் சுருக்கமின்றி அணிவது எப்படி என்பதையே அவர் வீரர்களுக்கு முதல் நாட் பாடமாக வைத்தார். சுருக்கம் விழுந்தால் கொப்புளம் எழும். கொப்புளம் எழுந்தால் ஆட்டம் நிற்கும். சின்னஞ்சிறு காரியத்திலும் காரணம் காட்டிக் கற்பித்தார் என்பதே இங்கு கருதத்தக்கது.

பயிற்சியாளரைப் பயிற்றுவிப்பதால் பிள்ளைகளுக்கு நன்மை உண்டா? வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஸ்மித், ஸ்மால் என்ற இரு பேராசிரியர்கள் சிறுவர் பேஸ்பால் அணிகளில் இதை ஆராய்ந்தனர். ஒரு பிரிவுப் பயிற்சியாளருக்குச் சில மணி நேரப் பயிற்சி அளித்தனர்: முயற்சியைப் பாராட்டுக, தவறு செய்த பிள்ளைக்கு ஊக்கமும் விளக்கமும் தருக, ஏளனம் செய்யாதிருக்க. மற்றப் பிரிவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. 1992-இல் வெளியான முடிவின்படி, பயிற்சி பெறாதவர்களிடம் ஆடிய சிறுவருள் 26 விழுக்காட்டினர் மறுபருவம் ஆடத் திரும்பவில்லை. பயிற்சி பெற்றவர்களிடம் ஆடியவருள் திரும்பாதோர் 5 விழுக்காட்டினரே. 'பையனுக்கு விளையாட்டில் ஆசை போய்விட்டது' என்று வருந்தும் பெற்றோர் இவ்விரு எண்களையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நலம். சில வேளை ஆசை தானாகப் போவதில்லை, போக்கடிக்கப்படுகிறது.

வெயிலும் உயிரும்

அடுத்த பாடம் உடலைப் பற்றியது. இங்கேதான் அறியாமை உயிரையே கொண்டுபோகிறது.

2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், மின்னசோட்டா அணியின் புகழ்பெற்ற கால்பந்து வீரர் கோரி ஸ்டிரிங்கர், முந்தைய நாள் பயிற்சியின்போது வெப்பத் தாக்குதலால் வீழ்ந்ததன் விளைவாக உயிர் துறந்தார். 2008-இல் கென்டக்கி மாநிலத்தில் பதினைந்து வயதுப் பள்ளி மாணவன் ஒருவன், ஆகஸ்டு மாத வெயிலில் மீண்டும் மீண்டும் ஓடவிடப்பட்டு மயங்கி வீழ்ந்தான். மூன்றாம் நாள் இறந்தான். அவனுடைய பயிற்சியாளர் மீது குற்ற வழக்கே தொடரப்பட்டது. 2009-இல் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. எனினும் அவ்வாண்டே அம்மாநிலம், பள்ளிப் பயிற்சியாளர்கள் பாதுகாப்புப் பாடம் கற்றே ஆக வேண்டுமெனச் சட்டம் செய்தது. 2018-இல் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பத்தொன்பது வயது வீரர் ஒருவர் இவ்வாறே மாண்டார். அவரைக் குளிர்நீரில் அமிழ்த்தும் முதலுதவி செய்யப்படவில்லை என்பது பின்னர் நடந்த விசாரணையில் தெரிய வந்தது.

இம்மூன்றிலும் பாடம் ஒன்றே. கடும் உழைப்பினால் உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியசுக்கு மேல் ஏறி, ஆடுபவர் தடுமாறவும் உளறவும் தொடங்கினால், அது சோம்பலும் அன்று, நடிப்பும் அன்று, உயிராபத்து. முதலில் குளிரச் செய்க, பிறகு மருத்துவமனைக்குக் கொண்டு செல்க என்பது விதி. பனிக்கட்டி இட்ட தொட்டி நீரில் உடலை அமிழ்த்தி, அரை மணி நேரத்துக்குள் வெப்பத்தைத் தணித்துவிட்டால் பெரும்பாலும் உயிரைக் காக்கலாம். இதனினும் நன்று, வராமல் தடுப்பது: பருவத்தின் முதல் பத்து, பதினான்கு நாட்கள் பயிற்சியைச் சிறிது சிறிதாக மிகுவித்து உடலை வெயிலுக்குப் பழக்குவது. 'தண்ணீர் குடிக்காதே, திடம் வராது' என்று முன்னாட்களில் சொல்லப்பட்ட சொல் எத்துணைக் கொடியது என்பது இன்று தெளிவாகியுள்ளது. அமெரிக்கர்கள் ஆகஸ்டு மாதத்திற்கு அஞ்சிக் கற்கும் இப்பாடம், ஆண்டில் பாதி நாள் வெயிலில் வாழும் நமக்கு எவ்வளவு தேவையானது!

திரைக்குப் பின்னால் நிற்பவர்

இனி நிர்வாகம். அமெரிக்கப் பள்ளிகளில் விளையாட்டு இயக்குநர் என்றொருவர் உண்டு. போட்டி அட்டவணை, பேருந்து, நடுவர், நிதி, கருவிகள், மாணவர் தகுதி, காப்பீடு ஆகிய அனைத்தும் அவர் பொறுப்பு. கோபத்தோடு வரும் பெற்றோருக்குப் பதில் சொல்வதும் அவரே. அவர்களுக்கென 1977-இல் ஒரு தேசியச் சங்கம் அமைந்தது. சான்றிதழ்ப் படிப்பில் அவர்கள் சட்டம், நிதி, ஆபத்துத் தடுப்பு, ஒழுக்கநெறி ஆகியவற்றைக் கற்கின்றனர்.

அவருடைய தலையாய கடமை, யாரைத் திடலுக்குள் விடுவது, யாரை விடலாகாது என்று தீர்மானிப்பது. அமெரிக்கத் தேசிய ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராயிருந்த ஒருவர், பல ஆண்டுகள் நூற்றுக்கணக்கான சிறுமியருக்கும் இளம் பெண்களுக்கும் இழைத்த கொடுமை 2016-இல் வெளிவந்து நாட்டை உலுக்கியது. பதக்கங்களைக் காத்தவர்கள் பிள்ளைகளைக் காக்கத் தவறினர். 2018 பிப்ரவரியில் புதிய சட்டம் வந்தது. அதன்படி, ஒலிம்பிக் வழிப்பட்ட அமைப்புகளில் சிறுவரோடு பழகும் பெரியவர்கள் பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும். கொடுமை பற்றிய ஐயம் எழுந்தால் 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். பிறர் கண்ணில் படாத இடத்தில் ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனித்திருத்தல் கூடாது. இம்மூன்று விதிகளும் எந்த நாட்டுத் திடலுக்கும் பொருந்துவன அன்றோ?

காகிதத்தின் எல்லை

இவ்வளவு சொன்னபின் ஒன்றை மறைக்காமல் கூறவேண்டும். சான்றிதழ் ஒருவரை நல்லவராக்கிவிடாது. நீச்சலை நூலில் படித்து நீந்த இயலாததுபோல, கணிப்பொறித் திரையில் மட்டும் கற்றுப் பயிற்சியாளராக இயலாது. ஆகவேதான் நல்ல படிப்புகள், மாணவர் தம் சொந்த அணியோடு செய்யும் பயிற்சியைப் படம் பிடித்து அனுப்பச் சொல்கின்றன; அனுபவமிக்க ஒருவரின் மேற்பார்வையையும் வேண்டுகின்றன. இவையின்றிக் கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும் படிப்பு, சட்டமிட்டுச் சுவரில் மாட்டத்தான் உதவும்.

நம் குடும்பத்துப் பிள்ளைகள் யாரேனும் இப்படிப்பில் சேர எண்ணினால், இரண்டைத் தெளிவாய் அறிதல் வேண்டும். அப்பல்கலைக்கழகம் அந்நாட்டில் உரிய அங்கீகாரம் பெற்றதா என்பது ஒன்று. நம் நாட்டுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராவதற்கு அதற்குரிய உடற்கல்விப் பட்டமே தேவை. வெளிநாட்டுச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது என்பது மற்றொன்று. 1961 முதல் பாட்டியாலாவில் இயங்கும் தேசிய விளையாட்டு நிறுவனமும் பயிற்சியாளருக்கான பட்டயப் படிப்பையும், ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பையும் நடத்தி வந்துள்ளது. கடன் வாங்கி டாலரில் கட்டணம் செலுத்துமுன் அருகிலிருப்பதையும் விசாரிப்பது அறிவுடைமை.

உண்மையில், இக்கல்வி நமக்குப் புதியதும் அன்று. நெய்ஸ்மித் கற்பித்த அதே ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர், 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியுடன் நிர்வாகியாக உடன் சென்றவரும் அவரே. அக்கல்லூரியில் பயின்றோர் தலைமுறை தலைமுறையாக நம் பள்ளிகளின் திடல்களில் நின்றனர். நம்மில் பலருக்கு முதன்முதல் கைப்பந்தைக் கையில் கொடுத்த டிரில் மாஸ்டரின் பின்னே இவ்வளவு நீண்ட கல்வி மரபு நின்றது என்பதை நாம் அறியாதிருந்தோம்.

ஆகவே, அடுத்த முறை பிள்ளையைத் திடலில் விடும்போது, பயிற்சியாளரை அணுகி மரியாதையோடு சில கேள்விகள் கேட்போம். ஐயா, எங்கே பயின்றீர்கள்? பிள்ளை மயங்கி விழுந்தால் என்ன செய்வீர்கள்? தண்ணீருக்கு எத்தனை முறை இடைவேளை? பயிற்சி நேரத்தில் பெற்றோர் வந்து பார்க்கலாமா? நல்ல பயிற்சியாளர் இக்கேள்விகளால் சினம் கொள்ளமாட்டார், மகிழ்வார். சினம் கொள்பவராயின், அதுவும் ஒரு பதிலே. கோப்பை வென்று வரும் பிள்ளையைக் கண்டு ஊர் மகிழும். நலமாக வீடு திரும்பும் பிள்ளையைக் கண்டு மகிழ்வது பெற்றோர் நாமே. அந்த மகிழ்ச்சியைக் காக்கும் பொறுப்பில் நமக்கும் பங்குண்டு.