மதுப் பழக்கத்திலிருந்து மீள்வோருக்கான சக உதவிக் கூட்டங்கள்: நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரங்களில் தோல் மற்றும் காலணித் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். தெருவில் அடுத்த வீட்டில் வசிப்பவரே தொழிற்சாலையிலும் உடன் பணிபுரிபவராக இருப்பார். எனவே, மதுவை விட விரும்புவோரும் "யாரேனும் பார்த்துவிட்டால் என்ன செய்வது?" என்று தயங்குகின்றனர். இந்தத் தயக்கத்தைக் கடந்து உதவி பெறும் வழிகளை இப்பக்கம் விளக்குகிறது.

சக உதவிக் கூட்டம் என்றால் என்ன?

குடிநோயிலிருந்து மீண்டவர்களும் மீள முயல்பவர்களும் ஒன்றுகூடித் தம் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டம் இது. இவற்றுள் பரவலாக அறியப்பட்டது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.). இது 1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடிநோயால் பாதிக்கப்பட்ட இருவரால் தொடங்கப்பட்டது. இதில் சேரக் கட்டணம் இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி.

இதனால் பயன் உண்டா?

10,565 பேர் பங்கேற்ற 27 ஆய்வுகளை ஒருங்கே மதிப்பிட்ட காக்ரேன் ஆய்வறிக்கை 2020ஆம் ஆண்டு வெளிவந்தது. நோயாளிகளை ஏ.ஏ. கூட்டங்களுடன் முறையாக இணைக்கும் சிகிச்சைத் திட்டங்கள், தொடர்ந்து மது அருந்தாமல் இருப்பதற்குப் பிற உளவியல் சிகிச்சைகளைவிடக் கூடுதலாக உதவுகின்றன என்று அது தெரிவிக்கிறது.

முதலில் மருத்துவரை அணுகுங்கள்

நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவர் மருத்துவ உதவியின்றித் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. நிறுத்திய சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை ஆகியன தோன்றலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு ஏற்படலாம். இரண்டு முதல் நான்கு நாட்களில் மனக் குழப்பமும், இல்லாதவை கண்ணுக்குத் தெரிவதும் நேரிடலாம். வலிப்போ குழப்பமோ கண்டால் உடனே 108 எண்ணை அழையுங்கள். கூட்டங்கள் மருத்துவச் சிகிச்சைக்கு மாற்று அல்ல; அதற்குத் துணை.

எங்கு விசாரிக்கலாம்?

• அடுக்கம்பாறையில் உள்ள அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு.
• உங்கள் மாவட்டத்தின் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் அல்லது ஆலோசகர். அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் கேட்டால் அவர் வரும் நாளைத் தெரிவிப்பர்.
• பாகாயத்தில் உள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம்.
• இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்ற தொழிலாளர்கள் தங்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்தின் மருத்துவரிடம் பரிந்துரை கேட்கலாம்.
• போதை மீட்பு உதவி எண் 14446. மனநல உதவி எண் 14416. தமிழ்நாடு மருத்துவ உதவி எண் 104.

கூட்டம் நடைபெறும் இடம், நாள், மொழி ஆகியவற்றைக் கேட்டறியுங்கள். நேரம் மாறக்கூடும் என்பதால் புறப்படும் முன் தொலைபேசியில் உறுதி செய்துகொள்ளுங்கள். பணி முறை நேரத்துக்கும் கூடுதல் நேரப் பணிக்கும் இடையூறு இல்லாத கூட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். சம்பள நாளன்று மாலை கூட்டம் இருப்பின் அதைத் தவறவிடாதீர்கள். பலருக்கு மிகக் கடினமான மாலை அதுவே.

முதல் கூட்டத்தில் என்ன நடக்கும்?

கூட்டம் ஏறத்தாழ ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் நடைபெறும். முழுப் பெயரோ, முகவரியோ, பணிபுரியும் இடமோ கூற வேண்டியதில்லை. பேச விருப்பமில்லையெனில் அமர்ந்து கேட்டாலே போதும். பேசுபவரை இடைமறித்து எவரும் அறிவுரை கூறுவதில்லை. இறைவனைப் பற்றிய பேச்சு இடம்பெறலாம். எனினும் எம்மதத்தினரும், கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் பங்கேற்கலாம்.

தேவாலய வளாகத்திலோ பள்ளி அறையிலோ கூட்டம் நடந்தாலும், அது அந்த நிறுவனத்தின் கூட்டம் அன்று.

தெரிந்தவர் அங்கு இருந்தால்?

அவரும் உங்களைப் போலவே உதவி நாடி வந்தவராக இருக்கக்கூடும். அங்குக் கண்டதையும் கேட்டதையும் வெளியில் கூறாதிருப்பது உறுப்பினர்கள் கடைப்பிடிக்கும் மரபு. குடிநோய் உள்ளவர்கள் மட்டுமே பங்கேற்கும் மூடிய கூட்டங்களும், பிறரும் வரக்கூடிய திறந்த கூட்டங்களும் உண்டு. எது உங்களுக்கு உகந்தது எனக் கேட்டுத் தேர்வு செய்யுங்கள். உள்ளூரில் தயக்கம் மிகுந்தால், ஆம்பூரில் வசிப்பவர் வேறு ஊரில் நடைபெறும் கூட்டத்திற்கும் செல்லலாம். மாவட்ட எல்லை இதற்குத் தடையன்று.

குடும்பத்தினருக்கு

• 1951ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அல்-அனான் அமைப்பு குடும்பத்தினருக்கானது. குடிப்பவர் உதவி பெற மறுத்தாலும் நீங்கள் அதில் பங்கேற்கலாம்.
• டைசல்பிரம் போன்ற மாத்திரைகளை உணவில் மறைத்துக் கொடுக்காதீர்கள். அதை அறியாமல் அவர் மது அருந்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.
• போதையில் இருக்கும்போது வாதிடாதீர்கள். தெளிவாக இருக்கும் காலை வேளையில், "உங்களுடன் நானும் வருகிறேன்" என்று கூறுங்கள்.
• வீட்டில் வன்முறை நிகழ்ந்தால் பெண்கள் 181 எண்ணை அழைக்கலாம்.

மீண்டும் குடித்துவிட்டால்?

குடிநோயில் இது பலருக்கும் நேர்வதே. வெட்கத்தால் கூட்டத்தைத் தவிர்க்காதீர்கள். மருத்துவரிடம் உள்ளதைக் கூறுங்கள். அடுத்த கூட்டத்திற்குச் செல்லுங்கள். அங்கு அமர்ந்திருப்போரில் பலர், இவ்வாறு ஒருமுறைக்கு மேல் திரும்பி வந்தவர்களே.