கொல்லிமலையும் ஒரு சொட்டு இரத்தமும்

கொல்லிமலை என்றதும் வல்வில் ஓரியும், கொல்லிப்பாவையும், ஆகாய கங்கை அருவியும் நேயர்களின் ஞாபகத்துக்கு வருவது இயல்பே. ஆனால் நாம் இங்கே சொல்லப் புகுவது சர்க்கரையைப் பற்றிய சங்கதி.

சாமையும் தினையும் கேழ்வரகுமே ஒரு காலத்தில் இம்மலைவாசிகளின் ஆகாரம். பிறகு அந்த நிலங்களில் பல, ஜவ்வரிசி ஆலைகளுக்கு வேண்டிய மரவள்ளிக் கிழங்குக்கு இடங்கொடுத்தன. அரிசிச் சோறும் மலையேறிற்று. சிறுதானியங்களுக்குப் புத்துயிர் அளிக்க எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே பல்லாண்டுகள் உழைத்திருக்கிறது. உணவு மாறினால் வியாதியும் மாறும் அல்லவா? இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டென்று 2023-ல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. இவ்வியாதியோ ஆரம்பத்தில் வலியும் தராது, அறிகுறியும் காட்டாது. கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுத்த பிறகே பலருக்குத் தன்னை அறிவிக்கிறது. ஆகையால் முன்கூட்டிச் சோதித்தறிவதே முதற் காப்பு.

தமிழக அரசு 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்படி வீடுகளுக்கே சென்று சர்க்கரையைச் சோதிக்கிறார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே வாழும் மக்களுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

நிற்க. அந்தச் சிறு பட்டையில் நடப்பது என்ன? அதில் பூசியிருக்கும் ஒருவகை நொதி, ஒரு சொட்டு இரத்தத்திலுள்ள குளுக்கோஸைப் பற்றி அதிலிருந்து எலெக்ட்ரான்களைக் கவர்கிறது. அவை மின்வாய்க்குச் சென்று மின்சாரமாகின்றன. சர்க்கரை அதிகமானால் மின்னோட்டமும் அதிகம். கருவி அதை அளந்து எண்ணாகக் காட்டுகிறது. நொதியையும் மின்வாயையும் இவ்விதம் இணைக்கலாம் என்பதை 1962-ல் உலகுக்குச் சொன்னவர் அமெரிக்க விஞ்ஞானி லேலண்ட் கிளார்க். ஆனால் நொதி மென்மையானது. உஷ்ணமும் ஈரமும் அதற்குச் சத்துருக்கள். மலை மூடுபனியில் டப்பியைத் திறந்து வைத்தால் பட்டை பழுதாகும். ஒரு பட்டை ஒரு முறைக்கே உதவும் என்பதால் ஏழைக்குச் செலவும் ஓயாது.

இங்கேதான் கிராஃபீன் வருகிறது. பென்சிலில் உள்ள கிராஃபைட் என்பது கரித் தாள்களின் அடுக்கு. ஓர் அணுவின் கனமே உள்ள ஒற்றைத் தாள்தான் கிராஃபீன். ஒட்டும் நாடாவால் கிராஃபைட்டை உரித்து உரித்தே 2004-ல் இதைத் தனியே எடுத்தார்கள், மான்செஸ்டர் சர்வகலாசாலையின் ஆந்த்ரே கைமும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும். அதற்காக 2010-ல் நோபல் பரிசும் பெற்றார்கள். பரப்பு மிகுதி, மின்சாரம் தங்குதடையின்றி ஓடும். ஆகவே இம்மியளவு சர்க்கரையும் தெளிவாகத் தெரியும். நிக்கல், செம்புத் துகள்களைச் சேர்த்து, நொதியே இல்லாமலும் சோதனைச் சாலைகளில் செய்து பார்க்கிறார்கள். ஊசி குத்தாமல் வியர்வையில் அளக்கவும் முயல்கிறார்கள். ஆயினும் ஒவ்வொரு தாளும் ஒரே தரத்தில் அமைவது கடினம். இரத்தத்திலுள்ள பிற பொருள்களும் கணக்கைக் குழப்பும். இவற்றை வென்றால்தான் மருத்துவரின் நம்பிக்கையைப் பெற முடியும்.

இதற்கு மூலப்பொருளான கிராஃபைட் நம் சிவகங்கைச் சீமையிலேயே வெட்டியெடுக்கப்படுகிறது. மண்ணும் நம்முடையது, நோயும் நம்முடையது. மருந்துக்கு முந்திய அந்தச் சோதனைக் கருவியும் நம் கையாலேயே, ஏழையின் கைக்கு எட்டும் விலையில் உருவாக வேண்டாமா? நமது இளம் விஞ்ஞானிகளுக்கு இதைவிடச் சிறந்த தேச சேவை வேறென்ன இருக்கிறது? அதுவரை, நேயர்கள் வருஷம் ஒரு முறையேனும் ஒரு சொட்டு இரத்தம் கொடுக்கத் தயங்க வேண்டாம். வாரத்தில் சில நாளாவது சாமைச் சோற்றையும் மறக்க வேண்டாம்.